கழன்றுவிடும் என்ற பயத்துக்கு மனச்சிகிச்சையா?

"காலை மடக்காதீங்க, தரையில உட்காராதீங்க, குனிஞ்சு எதையும் எடுக்காதீங்க. கழண்டுடும்." இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் வார்டில் கேட்கிற பேச்சு இது. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்பவரும் தட்டாமல் தலையாட்டுகிறார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வாக்கரை விடாமல், குளியலறைக்குக்கூட மகனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அப்போது அவருக்கு ஒரு நோய்ப்பெயர் கிடைக்கிறது: அசைவச்சம், மருத்துவர்கள் சொல்லும் கினீசியோஃபோபியா. அதற்குச் சிகிச்சையும் தயாராக இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்துகிற மனச்சிகிச்சை, சுருக்கமாக சிபிடி.

இதை இடுப்பு மூட்டு மாற்றியவர்களின் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஆய்விதழ்களில் வலுத்துவருகிறது. சேர்க்கத்தான் வேண்டுமா? செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடல்வரை நீளும் இந்தப் பகுதியை மனதில் வைத்து அந்தக் கோரிக்கையை எடைபோட்டுப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் ஆய்வுகள் பெரும்பாலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் சீனாவிலும் நடந்தவை. பயப்படுகிறவர் உட்கார வேண்டிய தரையோ நம்முடையது.

முதலில் கோட்பாடு. கோரி, மில்லர், டாட் ஆகிய மூவரும் 1990-ல் அசைவச்சத்துக்குப் பெயர் வைத்தபோது அவர்கள் முன்னால் இருந்தவர்கள் நாள்பட்ட வலிக்காரர்கள். பிறகு 2000-ல் விளாயன், லின்டன் இருவரும் எழுதிய கட்டுரை அந்தக் கருத்துக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. வலி வருகிறது. உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது என்று மனம் முடிவுகட்டுகிறது. கெட்டுப்போகாமல் இருக்க உடம்பை அசைக்காமல் வைத்துக்கொள்கிறோம். அசையாத தசை சூம்புகிறது, சூம்பிய தசையை அசைத்தால் இன்னும் வலிக்கிறது. இந்தச் சுழலில் மாட்டியவரைப் பேசித் தேற்றி வெளியே கொண்டுவருவது கடினம் என்பதால் விளாயன் குழுவினர் வேறு வழி கண்டார்கள். அன்றாட வேலைகளின் படங்களைக் காட்டி, எதற்கு எவ்வளவு பயம் என்று அவரையே வரிசைப்படுத்தச் சொல்வது. குறைந்த பயத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்யவைப்பது. செய்வதற்கு முன் "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பது, செய்து முடித்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்பது. நோயாளியின் கணிப்பை நோயாளியே சோதித்துப் பார்க்கிற இந்த முறைதான் மொத்தச் சிகிச்சையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறுதல் சொல்வதைவிட நேர்மையான வேலை.

ஆனால் இது முதுகுவலிக்காரர்களுக்காகச் செய்த சட்டை. இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு அது பொருந்துமா என்பதில்தான் என் முதல் தயக்கம்.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் நிலைநிறுத்திய இந்த அறுவையை, 2007-ல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை நூற்றாண்டின் அறுவை என்றே அழைத்தது. காரணம், வலி போய்விடுகிறது. தேய்ந்த மூட்டோடு இரவெல்லாம் புரண்டவர் சில வாரங்களிலேயே "அந்த வலி இல்லைங்க" என்கிறார். முழங்கால் மாற்றியவர் கதை வேறு. அவர் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு மடக்கி நீட்டினால்தான் கால் வளையும். ஆகவே முழங்கால்காரரின் பயத்தை வலியைப் பற்றிய பயம் என்று சொல்வதில் பிழையில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர் வலியைக் கண்டு பயப்படுவதில்லை. பந்து கழன்றுவிடும், விழுந்துவிடுவேன், போட்டது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றுதான் பயப்படுகிறார்.

கடைசி பயத்துக்கு நல்ல பதில் இருக்கிறது. தேசியப் பதிவேடுகளையும் நீண்டகாலத் தொடர் ஆய்வுகளையும் திரட்டி 2019-ல் லான்செட்டில் வந்த கணக்கின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. எழுபது வயதில் மாற்றிக்கொண்டவர் நடந்து தேய்த்துவிடுவோமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. விழும் பயத்தை அளக்கவும் அதற்கென்றே தனி வினாத்தாள்கள் இருக்கின்றன. முதல் பயம்தான் சிக்கலானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. மாற்றிய மூட்டு நழுவுவது நூற்றில் ஒருவருக்கோ மூவருக்கோ நேர்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். உண்மையில் வேர்விட்ட பயத்தை மனக்கோளாறு என்று முத்திரை குத்த முடியாது. எந்த அளவு நியாயம், எந்த அளவு உபரி என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் சிகிச்சையைப் பற்றிப் பேச முடியும்.

பிரித்துக் காட்ட வேண்டிய கருவி டாம்பா அளவுகோல். பதினேழு வினாக்கள், 17 முதல் 68 வரை மதிப்பெண். 37-ஐத் தாண்டினால் அச்சம் அதிகம் என்பது வழக்கம். உடற்பயிற்சி செய்தால் எங்காவது பட்டுவிடுமோ என்று பயமா, தேவையில்லாத அசைவுகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பா என்கிற போக்கில் வினாக்கள் போகின்றன. "மூணு மாசம் குனியாதீங்க" என்று அறுவை செய்த மருத்துவரே சொல்லி அனுப்பிய ஒருவர் இதற்கு என்ன பதில் எழுதுவார்? ஆமாம் என்றுதான் எழுதுவார், எழுதவும் வேண்டும். சொல்பேச்சு கேட்கிற நோயாளி இந்த அளவுகோலில் அச்சக்காரராக விழுகிறார். சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டு எட்டாம் நாள் தரையில் உட்கார்ந்தவரோ குறைந்த மதிப்பெண்ணோடு தேறிவிடுகிறார். கட்டுப்பாடுகள் நடப்பில் இருக்கும் வாரங்களில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து 'இத்தனை பேருக்கு அசைவச்சம்' என்று எழுதும் எந்த ஆய்வையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஆய்வுகளின் தீர்ப்பு ஒரே பக்கம் சாய்வதில்லை. இத்தாலியில் மொன்டிகோனே குழுவினர் 2013-ல் முழங்கால் மாற்றிய 110 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதம் வீட்டிலேயே செய்யும் செயல்முறைப் பயிற்சியும், பயத்தைக் கையாளச் சொல்லித்தரும் கையேடும், மாதம் ஒரு தொலைபேசி அழைப்பும் தந்தார்கள். இன்னொரு பாதிக்குச் சுறுசுறுப்பாக இருங்கள் என்ற அறிவுரை மட்டும். முதல் குழு தெளிவாகவே முந்தியது. சீனாவில் 2018-ல், முழங்கால் மாற்றியபின் டாம்பா மதிப்பெண் அதிகமாக இருந்த முதியவர்களுக்கு சிபிடி கொடுத்தபோது பயமும் குறைந்தது, முழங்காலின் செயல்பாடும் மேம்பட்டது. இவற்றைப் பார்த்தால் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் போலிருக்கும்.

மறுபக்கம் 2019-ல் அமெரிக்காவில் ரிடில் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. வலியைப் பெரிதாக எண்ணிக் கலங்கும் 402 பேரைத் தேர்ந்தெடுத்து, வலியைச் சமாளிக்கும் உத்திகள் ஒரு குழுவுக்கு, மூட்டுநோய் பற்றிய கல்வி இன்னொரு குழுவுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் மூன்றாம் குழுவுக்கு என்று பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் மூன்று குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை. டென்மார்க்கில் 2020-ல் வெளியான சிறிய ஆய்வும் சிபிடி வகைக் கல்வியால் பயனில்லை என்றது. இவையும் முழங்கால்கள்தாம். இடுப்பு மூட்டுக்கென்று தனியே, போதிய ஆட்களோடு நடத்திய மனச்சிகிச்சை ஆய்வு என்று எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. முழங்காலில் கிடைத்த, அதுவும் ஒன்றோடொன்று முரண்படுகிற விடைகளை இடுப்புக்கு எழுதிக்கொள்கிறோம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மருந்து ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். இங்கே சிகிச்சை பெறுகிறோம் என்பது பெறுகிறவருக்குத் தெரியும். 'அசைவது ஆபத்தில்லை' என்று நான்கு வாரம் பாடம் எடுத்துவிட்டு, ஐந்தாம் வாரம் 'அசைவது ஆபத்தா?' என்று வினாத்தாளில் கேட்டால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். குறைந்தது பயமா, பாடம் மனப்பாடமாகிவிட்டதா? கால் என்ன செய்கிறது என்று அளந்தால்தான் தெரியும்.

பாடத்தை விட்டுவிட்டுக் காலை நடக்கவிட்ட ஓர் ஆய்வு அதே மொன்டிகோனேயுடையது, 2014-ல் வந்தது, இம்முறை இடுப்பு மூட்டு. நூறு பேர். ஒரு குழுவுக்கு ஊன்றுகோல் இல்லாமல் முழு எடையையும் காலில் ஊன்றி, நிஜ வேலைகளைச் செய்யும் பயிற்சி. மற்றக் குழுவுக்கு ஊன்றுகோலோடு எடையில் ஒரு பகுதியை மட்டும் ஊன்றி வழக்கமான தசைப் பயிற்சி. முதல் குழு ஓராண்டு வரை முன்னிலையில் இருந்தது. மனச்சிகிச்சை என்று தனியாக எதுவும் அதில் இல்லை. வேலையைச் செய்ததே மருந்தாக இருந்திருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என் எண்ணத்தை அதிகம் நகர்த்தியது இதுதான்.

பயம் நோயாளியின் மனதில் தானாக முளைக்கிறது என்று நினைப்பவர்கள் 2005-ல் அமெரிக்க எலும்பு மருத்துவ இதழில் வெளியான பீக் குழுவினரின் ஆய்வைப் படிக்க வேண்டும். 265 பேர், 303 மூட்டுகள், மூட்டின் முன்பக்கவாட்டில் திறந்து செய்த அறுவை. ஒரு பாதிக்குத் தொடைகளுக்கிடையே தலையணை, உயர்த்திய கழிப்பறை இருக்கை, உயர்ந்த நாற்காலி, பக்கவாட்டில் படுக்கத் தடை என்று முழுக் கட்டுப்பாடு. மற்றப் பாதிக்கு அவை இல்லை. மொத்தத்தில் ஒரே ஒரு மூட்டு நழுவியது. அதுவும் கட்டுப்பாட்டுக் குழுவில், அறுவை மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது, அந்தத் தலையணை தொடைகளுக்கு இடையில் இருந்தபடியே. கட்டுப்பாடு இல்லாதவர்கள் அன்றாட வேலைகளுக்குச் சீக்கிரம் திரும்பினார்கள். இந்த முடிவைப் பின்பக்கமாகத் திறக்கும் அறுவைக்கு அப்படியே நீட்ட முடியாது, அங்கே நழுவும் ஆபத்து சற்றுக் கூடுதல். ஆனாலும் பழக்கத்தால் சொல்லப்படும் தடைகளில் எத்தனை உண்மையிலேயே தேவை என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது. இன்றைய மூட்டுகளில் சார்ன்லி வைத்த 22 மில்லிமீட்டர் பந்தைவிடப் பெரிய பந்துகள், பெரும்பாலும் 32 அல்லது 36 மில்லிமீட்டர். பெரிய பந்து அத்தனை எளிதில் கிண்ணத்தை விட்டு வெளியே வராது.

தடை எந்த அசைவுக்கு என்பதும் முக்கியம். பின்பக்க அறுவையில் மூட்டை நழுவவைப்பது ஒரு கூட்டு அசைவு: தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கி, உள்பக்கம் திரும்பி, நடுக்கோட்டைத் தாண்டிக் கால் குறுக்கே போவது. நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்கும்போது நடப்பது அதுதான். சம்மணம் போடும்போது தொடை வெளிப்பக்கம் திரும்புகிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்பக்க அறுவையில் கணக்கே தலைகீழ்: காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் கவனிக்க வேண்டியது. ஆகவே 'தரையில் உட்காராதே' என்ற ஒற்றை வரி எல்லோருக்கும் ஒரே அளவு உண்மையாக இருக்க முடியாது. எந்த வழியாகத் திறந்தார்கள், எந்த அளவுப் பந்து, அறுவையின்போது மூட்டு எவ்வளவு உறுதியாக நின்றது என்பதைப் பார்த்து அந்த மருத்துவர் சொல்ல வேண்டிய பதில் அது.

மேல்நாட்டுக்காரருக்கு இந்த நுணுக்கம் அவ்வளவு பொருட்டல்ல. அவர் தரையில் உட்கார வேண்டியதில்லை. மாமல்லபுரத்துப் பட்டறையில் ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரண்டுக்கும் நடுவில் கருங்கல்லை வைத்து உளி பிடிப்பவருக்கு அது பிழைப்பு. கடலோரத்தில் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு மீன் விற்கிற அம்மாவுக்கும், செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் நடவுக்கும் களைக்கும் போகிறவருக்கும் அப்படித்தான். நம் நாட்டில் இந்த அறுவைக்கு வருகிறவர்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடைப்பந்து செத்துப்போன நடுவயது ஆண்கள் கணிசம். ஸ்டீராய்டு மருந்து, குடி, சில நேரம் காரணமே பிடிபடாமல். அந்த வயதில் ஒருவர் "இனிமே வேலைக்குப் போக முடியுமா டாக்டர்?" என்று கேட்பதை அசைவச்சத்தின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டால் அது மருத்துவத்தின் அலட்சியம். அவருக்குத் தேவைப்படுவது எதை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு மடக்கலாம் என்ற பதில். அந்தப் பதில் கிடைத்த பிறகும் கால் எழவில்லை என்றால்தான் விளாயனின் முறைக்கு வேலை வருகிறது.

அந்த வேலை இந்தக் கடற்கரையில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். விழுந்து தொடையெலும்பு முறிந்து மூட்டு மாற்றிய அறுபத்தைந்து வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது, மருத்துவர் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். கட்டிலின் உயரத்தைக் கூட்டச் செங்கல் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் கமோடு சேர். பிசியோதெரபிஸ்ட் அவரிடமே வரிசை கேட்கிறார். வீட்டுக்குள் வாக்கர் இல்லாமல் நடப்பதற்குப் பயம் குறைவு. வாசற்படி இறங்குவது அதற்கு மேல். பிறகு கடற்கரை மணல், காலடியில் சரிகிற தரை என்பதால். அதற்கும் மேல் டவுன் பஸ்ஸின் முதல் படி. உச்சியில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். முதல் நாள் கட்டிலுக்கடியில் இருக்கும் செங்கலில் ஒன்றை எடுக்கிறார்கள். "உட்கார்ந்தா என்னம்மா ஆகும்?" "டக்குனு கழண்டு, மறுபடி ஆஸ்பத்திரிதான்." உட்கார்கிறார். எழுகிறார். "என்ன ஆச்சு?" சத்தம் எதுவும் வரவில்லை, தொடை கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். மறுநாள் இரண்டாவது செங்கல். இதில் மனநல மருத்துவமனை வாசனையே இல்லை. ஆனால் சிபிடியின் சாரம் முழுக்க இதில் இருக்கிறது.

அறைக்குள் இன்னொருவரும் இருக்க வேண்டும்: மகளோ மருமகளோ. டாம்பா அளவுகோல் நோயாளியை மட்டும் கேட்கிறது. நம் வீடுகளில் பயத்தின் பாதி கூட இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. "அத்தை, நீங்க எழுந்திரிக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று நாளுக்கு இருபது முறை கேட்கிறவருக்கு, வாரம் ஒருமுறை தனியறையில் எண்ணத்தைத் திருத்தி என்ன பயன்? மேல்நாட்டுத் திட்டங்களை அப்படியே இறக்குமதி செய்தால் முதலில் தட்டுப்படுவது இந்த இடத்தில்தான்.

யார் செய்வது என்ற கேள்விக்கும் விடை உள்ளூரிலேயே இருக்கிறது. அறுவைக்கான செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அறுவைக்குப் பிந்தைய மாதங்கள்தாம் அனாதை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாராவாரம் மனநலப் பிரிவுக்கு வரச் சொன்னால், முதலில் வரும் பதில் "எனக்கென்ன பைத்தியமா?" இரண்டாவது, பஸ்படி ஏறப் பயப்படுகிறவர் அந்தப் பயத்துக்கான சிகிச்சைக்கு பஸ் ஏறி வரவேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்துவிட்டது, முதல் படியின் உயரம் குறையவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போகும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். அவர்களால் இது முடியுமா? கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு, மனநலத் துறையில் பட்டம் பெறாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்தால் கடும் மனச்சோர்வுக்கே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பலன் தர முடியும் என்று காட்டியிருக்கிறது. பயத்தை வரிசைப்படுத்திச் செய்யவைப்பது அதைவிடக் கடினமான வித்தை அல்ல.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் மறைக்கக் கூடாது. ரிடிலின் ஆய்வில் அந்த உத்திகளைச் சொல்லிக்கொடுத்தவர்களே பிசியோதெரபிஸ்ட்கள்தாம். அவர்களாலும் முடியவில்லையே என்று கேட்கலாம். என் பதில்: அங்கே சொல்லிக்கொடுத்தது வலியைச் சமாளிக்கும் பேச்சுவழி உத்திகள், பெரும்பாகம் தொலைபேசியில். பயந்த அசைவைச் செய்யவைத்தது அல்ல. இந்தப் பதில் எனக்குப் பாதித் திருப்தியைத்தான் தருகிறது, ஏனென்றால் 2013-ன் இத்தாலிய வெற்றியிலும் தொலைபேசி உண்டு. சிறிய ஆய்வுகள் பலனைப் பெரிதாகக் காட்டுவதும் வழக்கம். தவிர, தினம் வீடுவீடாக ஏறி இறங்கும் ஊழியர் தலையில் இன்னொரு மூட்டை என்பதும் நியாயமான முறையீடுதான்.

ஆக, தீர்ப்பு. இடுப்பு மூட்டு மாற்றிய எல்லோருக்கும் தனியான மனச்சிகிச்சை அமர்வுகள் என்ற கோரிக்கையை இன்றைய ஆதாரங்களை வைத்து ஏற்க முடியாது. அளவுகோல் பொருந்தவில்லை, சான்று முழங்காலுடையது, அதிலும் பெரிய ஆய்வு கைவிரித்துவிட்டது. மூன்று மாதம் கடந்து, மருத்துவர் அனுமதித்த பிறகும் முடங்கிக் கிடப்பவருக்கு, பிசியோதெரபியின் உள்ளேயே, வீட்டிலேயே, குடும்பத்தார் முன்னிலையில் படிப்படியாகப் பயத்தைச் சோதிக்கும் முறை தகும். மனச்சோர்வோடோ, விழுந்த அதிர்ச்சியில் தூக்கமே இல்லாமலோ இருப்பவரை மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் அனுப்ப வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அலட்சியப்படுத்தக் கூடாதவர்கள். இதற்கெல்லாம் முன்னால், காசு செலவில்லாமல், டிஸ்சார்ஜ் சீட்டில் ஒவ்வொரு தடைக்கும் எதிரே அது முடியும் தேதியை எழுத வேண்டும். 'குனியாதீர்கள்' என்பது ஆயுள் தண்டனை. 'தை 15 வரை குனியாதீர்கள்' என்பது மருத்துவம்.

இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. இதே மாவட்டத்தில், வீட்டுக்கு வரும் பிசியோ மட்டும் ஒரு குழுவுக்கு, அதோடு தேதியிட்ட சீட்டும் படிப்படியான சோதனையும் இன்னொரு குழுவுக்கு, அதற்கு மேல் முறையான சிபிடி அமர்வுகளும் மூன்றாவது குழுவுக்கு என்று கொடுத்துப் பார்க்கட்டும். ஆறாம் மாதம் வினாத்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, எத்தனை பேர் துணையில்லாமல் டவுன் பஸ் ஏறினார்கள், எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள் என்று எண்ணட்டும். மூன்றாவது குழு முந்தினால் மனச்சிகிச்சைக்கு என் ஓட்டு. முதல் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இல்லையென்றால், மேலே நான் பரிந்துரைத்ததும் தள்ளுபடி.